விருந்தாளியின் கோயில்

பாங்காக் மாநகரத்தில், "அன்பூர்" என்று தமிழில் பெயர்த்துச் சொல்லத்தக்க ஒரு பேட்டை இருக்கிறது. அதன் பெயர் பாங் ரக். "பாங்" என்றால் நீர்க்கரையில் அமைந்த ஊர். "ரக்" என்றால் அன்பு அல்லது காதல். ஆண்டுதோறும் பிப்ரவரி 14-ஆம் தேதியன்று அந்தப் பேட்டையின் அரசாங்க அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள மணமக்கள் திரள் திரளாக வந்து சேருகிறார்கள். அன்பின் பெயரைத் தாங்கிய ஊரில் பதிந்த மணம் அன்போடு நீடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஊர்ப் பெயர்களைத் துருவி ஆராய்கிறவர்களுக்குக் காதலில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. முற்காலத்தில் அங்கிருந்த ஓர் ஓடையில் பெரிய "ரக்" மரம் ஒன்றின் அடிக்கட்டை கிடந்ததென்றும், அதனால் வந்த பெயரே இது என்றும் ஒரு சாரார் கூறுகிறார்கள். எருக்கம்பூவுக்கும் அந்நாட்டில் "ரக்" என்றே பெயர் என்பதைக் கேட்டபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை. நம்முடைய பக்கத்தில் ஒரு குடும்பம் பாழாகவேண்டும் என்று சபிப்பவர்கள், "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பார்கள். பிள்ளையார் ஒருவர்தாம் அந்தப் பூவுக்கு இடம் கொடுத்திருக்கிறார். சயாம் தேசத்திலோ அதே பூவைத் தொடுத்து மணமக்கள் கழுத்தில் சூட்டுகிறார்கள். ஒரு பூ கடலைத் தாண்டினால் அதன் யோகம் எப்படி மாறிவிடுகிறது, பாருங்கள்! மனிதர்கள் விஷயமும் அப்படித்தானோ என்னவோ.

நான் சங்கரன்கோவிலில் சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயன். கல்லூரியில் பட்டம் வாங்கிய நாள் முதலாக ஸ்ரீவிஜயம், காம்போஜம், சயாம் என்றெல்லாம் புத்தகத்தில் படித்தும் படிப்பித்தும் வந்திருக்கிறேனே ஒழிய, அந்தத் திசையில் ஓர் அடியும் எடுத்து வைத்ததில்லை. என்னிடம் படித்த மாணாக்கர் ஒருவர் பாங் ரக்கிலுள்ள ஓர் இரத்தினக் கடையில் உத்தியோகம் பார்க்கிறார். காலாண்டு விடுமுறையில் வந்து பத்து நாள் தங்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தி அழைத்ததன்பேரில் புறப்பட்டேன். அழைப்புக்குக் காரணம் குருபக்தி மட்டும் அல்ல என்பது போய்ச் சேர்ந்த அன்றிரவே தெரிந்தது.

அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. அங்கேயே பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் செல்லும் குழந்தை. வீட்டில் தமிழில் பேசினால் அவளுக்கு நன்றாக விளங்கும். ஆனால் பதில் பாதி தமிழிலும் பாதி அந்நாட்டு மொழியிலுமாக வரும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சங்கரன்கோவிலில் தனியாக வசிக்கும் ஆச்சி, "பேத்தியை என்னிடம் அனுப்பிவிடு. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, நாலு எழுத்தும் நம்முடைய பேச்சும் கற்றுக் கொடுத்து வளர்க்கிறேன்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தகப்பனாருக்கு மனம் இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. தாயார் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"நீங்கள் சொன்னால் அம்மாவும் கேட்பார்கள், நானும் கேட்பேன், ஸார். இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

பிறர் குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது சுலபமான காரியமா? ஊரைச் சுற்றிப் பார்ப்போம், வாய்தா வாங்கினது போலவும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். குழந்தைக்கும் அச்சமயம் பள்ளி விடுமுறை. எனவே தகப்பனார் கடைக்குச் சென்ற வேளைகளில் எனக்கு வழிகாட்டியாக வந்தவள் அவள்தான்.

பாங் ரக் பெரிய பிரதேசம் அன்று. ஐந்தரைச் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மேற்கே சாவ் பிரயா நதி அதன் எல்லையாகப் புரண்டு ஓடுகிறது. 1782-ஆம் ஆண்டில் முதலாம் இராமர் என்ற மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கியபோது, மதிலுக்குள் அடங்கிய நகரம் இதற்கு வடக்கே இருந்தது. பாங் ரக் அப்போது மதிலுக்கு வெளியே கிடந்த தோட்டமும் வயலும் ஓடையுமான புறநகரம். மதிலுக்கு உள்ளே இடம் கிடைக்காத பரதேசிகள் யாவரும் இங்கேதான் வந்து இறங்கினார்கள். போர்ச்சுகீசியருக்கு 1820-இல் நதிக்கரையில் நிலம் அளிக்கப்பட்டது. தாய்லாந்திலுள்ள அயல்நாட்டுத் தூதரகங்களுள் அவர்களுடையதே மிகவும் பழமையானது. 1855-இல் ஆங்கிலேயரோடு பௌரிங் உடன்படிக்கை ஏற்பட்டு வர்த்தகத்தின் கதவு திறந்த பிறகு, கரை நெடுகக் கப்பற் கம்பெனிகளும் தூதரகங்களும் முளைத்தன.

வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குறை. சயாம் மக்கள் படகிலே பிறந்து படகிலே வளர்ந்தவர்கள். ஓடைகளே அவர்களுக்கு வீதிகள். குதிரை வண்டியில் காற்று வாங்கப் போய்ப் பழகியவர்களோ, சாலை இல்லாமல் தேகசுகம் கெடுகிறது என்று அரசரிடம் விண்ணப்பித்துக்கொண்டார்கள். நான்காம் இராமராகிய மோங்குட் மன்னர் சாலை போட உத்தரவிட்டார். 1862-இல் வேலை தொடங்கி 1864-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைக்குச் சரோன் குருங் என்று பெயர். "புதுச் சாலை" என்று வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள். 1888-இல் அதில் குதிரை இழுக்கும் டிராம் ஓடிற்று. பின்னர் மின்சார டிராம் வந்து, 1968-இல் அதுவும் மறைந்தது. சாலைக்கு இன்னும் "புது" என்ற பெயர் மட்டும் நரைக்கவில்லை.

நதிக்கரையையும் அந்தச் சாலையையும் ஒட்டி நடந்தால் ஒரு காலை நேரத்துக்குள் நாலு மதங்களையும் பல தேசங்களையும் பார்த்துவிடலாம். 1876-இல் தொடங்கிய ஓரியண்டல் ஹோட்டல் இன்றும் நடைபெறுகிறது. ஆங்கில எழுத்தாளர் ஸாமர்செட் மாம் 1923-இல் அங்கே மலேரியாக் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, அவர் தம்முடைய ஹோட்டலில் செத்துவைத்தால் வியாபாரம் என்னாவது என்று நிர்வாகியம்மாள் வைத்தியரிடம் கவலைப்பட்டாராம். நல்லவேளையாக மாம் பிழைத்தார். பதினைந்து ஆண்டு கழித்து, 1938-இல், திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தவரும் இதே மாம்தான்.

ஹோட்டலுக்கு அடுத்தாற்போல் அஸம்ப்ஷன் மாதா கோயில். முதற்கோயில் 1821-இல் எழுந்தது. இப்போது நாம் காணும் இரட்டைக் கோபுரச் செங்கற்கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் அருகே, 1885-இல் கொலம்பே பாதிரியார் நிறுவிய அஸம்ப்ஷன் கல்லூரி. சற்று வடக்கே பழைய சுங்கச்சாவடி. ஒரு காலத்தில் கப்பல்கள் வரி செலுத்திய அந்த மாளிகை, பிற்காலத்தில் தீயணைப்புப் படையினரின் குடியிருப்பாக இருந்தது. அதை ஒட்டிய சந்துகளில் ஹரூன் பள்ளிவாசலும், மறுபுறம் முவாங் கே என்ற புத்த விஹாரமும் இருக்கின்றன. பாங்கோசையும் பிக்ஷுக்களின் பாராயணமும் மாதா கோயில் மணியும் ஒரே காற்றில் வருகின்றன. 1940-இல் கட்டிய பெரிய தபாலாபீஸின் உச்சியில் இரண்டு கருடன்கள் சிறகை விரித்து நிற்பதைக் கண்டதும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது. கருடன் அந்நாட்டு அரசாங்கத்தின் முத்திரைச் சின்னம்.

சரோன் குருங்கிலிருந்து கிழக்கே பிரியும் சாலையின் பெயர் சீலோம். ஓடை வெட்டிய மண்ணைக் கரையில் கொட்டியதால் உண்டான பாதை அது. பிற்காலத்தில் ஓடை தூர்ந்தது, பாதை அகன்றது. "சீலோம்" என்றால் காற்றாலை. வயல்வெளியில் ஒரு காலத்தில் நின்ற காற்றாலை போய்விட்டது. நினைவுக்கென்று சாலை முனையில் ஒரு போலிக் காற்றாலையை வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் வழியில் தேவர்குளத்துப் பக்கம் நூற்றுக்கணக்கில் நிஜக் காற்றாலைகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்தப் பொம்மை சற்று வேடிக்கையாகவே இருந்தது. இன்று சீலோம் வங்கிகளும் வாணிப மாளிகைகளும் நிறைந்த வீதி. 1999 டிசம்பர் முதல் அதன் தலைக்கு மேலே மின்சார ரயில் ஓடுகிறது. அருகே 314 மீட்டர் உயரத்தில் மகாநகோன் கட்டடம் நிற்கிறது. "மகாநகரம்" என்பதன் சயாம் உச்சரிப்பு அது என்று நான் விளக்கியபோது, குழந்தை, "அப்படியானால் அது தமிழா, மாமா?" என்று கேட்டாள். "தமிழும் வாங்கிக்கொண்டது, இவர்களும் வாங்கிக்கொண்டார்கள். கடன் கொடுத்தது சம்ஸ்கிருதம்" என்றேன்.

இந்தச் சீலோமிலும் பக்கத்துத் தெருக்களிலும்தாம் இரத்தின வியாபாரம் நடக்கிறது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் அந்தத் தொழிலில் பேர் பெற்றவர்கள். சீலோமின் கிளைச் சந்து ஒன்றில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய மீராசுத்தீன் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் வாசலைக் கடந்தபோது, "என்ன மச்சான், எப்பம் வந்தீக?" என்று யாரோ யாரையோ விசாரித்த குரல் கேட்டது. தாமிரபரணித் தண்ணீரை ஒரு மிடறு குடித்ததுபோல் இருந்தது.

சற்றுத் தள்ளி, சீலோமும் பான் சாலையும் கூடும் முனையில் வண்ணக் கோபுரம் தெரிந்தது. அதுதான் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். சயாம் மக்கள் மகா உமாதேவி கோயில் என்று மரியாதையாகவும், "வாட் கேக்" என்று வழக்கமாகவும் அழைக்கிறார்கள். இந்தக் "கேக்" கடையில் வாங்கித் தின்னும் பண்டம் அன்று. விருந்தாளி என்பது அதன் பொருள். மேற்கிலிருந்து வந்த இந்தியர், அரபியர், தெற்கே உள்ள மலாய்க்காரர் எல்லோரையும் சயாம் மக்கள் அந்த ஒரே சொல்லால் குறிப்பது வழக்கம். சிலர் அதை இழிவாகவும் பிரயோகிப்பது உண்டு. ஆயினும் அகராதிப்படி பார்த்தால் "வாட் கேக்" என்பது விருந்தாளியின் கோயில்.

அந்த விருந்தாளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தாண்டிய தமிழர்கள். கால்நடை வியாபாரமும் இரத்தின வியாபாரமும் அவர்களுடைய தொழில். அவர்களுக்குத் தலைவராக விளங்கிய வைத்தி படையாட்சி என்பவர் 1879-இல் இந்தக் கோயிலை எழுப்பினார் என்பது வழங்கிவரும் வரலாறு. தொடக்கத்தில் வேப்பமரத்தடியில் சிறு சந்நிதியாக இருந்ததென்று சொல்கிறார்கள். அது எப்படியிருந்தாலும், தாய்நாட்டை விட்டுப்போன தமிழன் முதலில் தேடுவது ஒரு வேப்பமரம், இரண்டாவது அதனடியில் ஓர் அம்மன் என்பதில் சந்தேகமில்லை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மாரியம்மன் கோயில்கள் எழுந்ததும் அவ்வாறுதானே?

நான் சென்ற சமயம் நவராத்திரி. விஜயதசமி இரவில் அம்மன் வீதியுலா வருவது பாங்காக் முழுவதும் பிரசித்தம். சீலோம் சாலையில் அன்று வாகனங்களுக்கு இடமில்லை. சாலையின் இருமருங்கிலும் மேஜைகளைப் போட்டு, துலுக்கச் செவ்வந்திப் பூவைக் குவித்து, தேங்காயும் பழமும் விளக்கும் வைத்து, ஜனங்கள் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். தேர் நெருங்கும்போது உடைபடும் தேங்காய்களின் நீர் தார்ச்சாலையில் வாய்க்காலாக ஓடுகிறது. எங்கள் ஊர் ஆடித்தபசுக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கூட்டம் என்னையும் மலைக்க வைத்தது. ஆனால் கூர்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. கைகூப்பி நின்றவர்களில் பெரும்பாலோர் சயாம் மக்களும் சீனருமே. தமிழ் முகங்கள் அந்தக் கடலில் ஆங்காங்கே தெரிந்த தீவுகள். சந்நிதியில் தீபம் காட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற அர்ச்சகர்கள். ஆனால் பக்கத்தில் நின்று தட்டை வாங்கிக் கொடுத்த முதியவர் ஒருவரிடம், நீறும் சந்தனமும் துலங்கிய அந்த நெற்றியை நம்பி, நான் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். அவர் புன்னகையோடு கைகூப்பிச் சயாம் மொழியில் ஏதோ சொன்னார். குழந்தைதான் மொழிபெயர்த்தாள்: "அவருடைய தாத்தாவுடைய அப்பா தமிழராம், மாமா. அவருக்குத் தமிழ் வராதாம்."

மாணாக்கர் என் முகத்தைப் பார்த்தார். ஆச்சி சொல்வதுதான் சரியோ என்று அவர் கேட்காமல் கேட்டது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பேட்டையைத் தாண்டி, வடக்கேயுள்ள பழைய நகரத்துக்குச் சென்றோம். பாங் ரக்கில் கண்டது புதிதா, பழைய கதையா என்று அறிய விரும்பினேன். அங்கே 1784-இல் எழுப்பப்பட்ட தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயிலும், அதன் எதிரில் வானளாவிய ஊஞ்சல் தூண்களும் இருக்கின்றன. 1935 வரையில் அந்த ஊஞ்சலில் விழா நடந்தது. ஆடுவது நின்றாலும், தேவஸ்தானத்துச் சடங்கு நிற்கவில்லை. அதன் பெயர் "திரியம்பவாய்". நேயர்களுக்கு விளங்கியிருக்கும்: அது நம் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை! எத்தனையோ நூற்றாண்டுகளுக்குமுன் கடல் கடந்த அந்தப் பாசுரத்தை, கிரந்தத்தை ஒத்த எழுத்திலே எழுதி வைத்துக்கொண்டு, அர்ச்சகர்கள் பரம்பரையாக ஓதி வருகிறார்கள். ஓசை இருக்கிறது, ஓதுகிறவர்களுக்கு அது தமிழாக விளங்குவதில்லை.

அருகிலுள்ள தேசியப் பொருட்காட்சிச் சாலையில் சுகோதைக் காலத்து ஹரிஹரர் வெண்கலச் சிலையைக் கண்டேன். ஒரு திருமேனியில் சிவனும் திருமாலும். சங்கரநாராயணர் சந்நிதியில் பிறந்தநாள் தவறாமல் அர்ச்சனை செய்துகொண்டவனுக்கு அவரை அடையாளம் சொல்ல ஆள் வேண்டுமா? கையைக் கூப்பினேன். குழந்தை, "இங்கே கும்பிடக்கூடாது, மாமா, இது மியூஸியம்" என்றாள். அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் அவருக்கு நாள்தோறும் நைவேத்தியம் உண்டு. புற்றுமண் வாங்கக் காத்திருக்கும் ஜனங்கள் உண்டு. இங்கே அவர் எத்தனை அழகாக நின்றாலும், பசித்தால் கேட்பாரில்லை.

மூன்றாம் நாள் சரோன் குருங்கின் ஒரு சந்தில் இருக்கும் பாங் ரக் பொருட்காட்சி வீட்டைப் பார்த்தேன். 1937-இல் கட்டிய மரவீடு அது. அரசர் வாழ்ந்த மாளிகை அன்று. நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்ந்த வீடு. அந்த வீட்டின் மகளாகிய வராபோர்ன் சுரவதி என்ற ஆசிரியை, அதைச் சாமான்களோடு நகரசபைக்குத் தானமாக அளித்துவிட்டார். சாப்பாட்டு மேஜை, தையல் இயந்திரம், பீங்கான் கோப்பை, கட்டில் எல்லாம் இருந்தது இருந்தபடி. 2016-இல் பக்கத்து நிலத்தில் உயரமான கட்டடம் எழும்ப இருந்தது. எழும்பினால் பழைய வீட்டுக்குச் சேதம் வரும் என்று அஞ்சி, அந்த மூதாட்டி நிலத்தையே விலைக்கு வாங்க முற்பட்டார். தம் கைப்பொருள் முழுவதும் போட்டும் ஒரு கோடி பாட் குறைந்தது. ஆளுக்கு நூறு பாட் கொடுங்கள் என்று ஜனங்களிடம் கேட்டார், கொடுத்தார்கள். நானும் ஓர் உபாத்தியாயன் ஆகையால் அந்த வீட்டின் படியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் நான்கு ரதவீதிகளிலும் எத்தனை பழைய வீடுகள், எத்தனை தறிச் சத்தங்கள்! அவற்றின் கதையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும்படியாவது என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து சொல்லவும் சொன்னேன். பதினோரு நோட்டுகள் இதுவரை வந்திருக்கின்றன.

அன்று மாலை மாரியம்மன் கோயிலின் அருகே ஒரு சந்து முனையில் நின்றோம். பெயர்ப்பலகை சயாம் எழுத்தில் இருந்தது. எம்.ஏ. பட்டம் வாங்கிய நான் அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவன் அல்லவா? "என்ன போட்டிருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"வைத்தி" என்று படித்தாள் குழந்தை. "வைத்தி சந்து. வைத்தி என்றால் என்ன, மாமா?"

"கோயில் கட்டிய ஒரு தமிழருடைய பெயர்" என்று கூறி, என் நாட்குறிப்பில் "வைத்தி" என்று பெரிய எழுத்தாக எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடியும் இதைப் பார்த்தாள். பிறகு, "இதுவும் முன்னாலே வருகிறதே!" என்று கூவினாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விரலால் காட்டினாள். தமிழில் "வை" என்று எழுதும்போது ஐகாரக் குறியை முன்னால் போட்டு, வகரத்தைப் பின்னால் போடுகிறோம். வாயில் முதலில் வருவது வகரம்; கையில் முதலில் வருவது ஐகாரம். சயாம் எழுத்திலும் அச்சு அசலாக அப்படியே! பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து, கெமர் எழுத்தாகி, சயாம் எழுத்தாயிற்று என்று நான் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வருகிறேன். அந்தச் சரித்திரத்தை ஒன்பது வயதுக் குழந்தை ஒரு சந்து முனையில் தானே கண்டுபிடித்தாள். வீடு சேருவதற்குள் "கை, பை, மை, தை" என்று நான்கு எழுத்து எழுதக் கற்றுக்கொண்டாள்.

அன்றிரவு மாணாக்கருக்கு என் அபிப்பிராயத்தைச் சொன்னேன்.

"ஆச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோயிலில் பார்த்த முதியவரைப் போல உன் பேத்தியும் ஆகிவிடலாம். ஆனால் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ஊருக்கு அனுப்பினால் தமிழ் தானாக வந்துவிடும் என்று எண்ணாதே. நம் ஊரிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். இங்கே மூன்று நாளாக நான் பார்த்தது இதுதான்: திருவெம்பாவை இருக்கிறது, பொருள் இல்லை. ஹரிஹரர் இருக்கிறார், நைவேத்தியம் இல்லை. வைத்தியின் பெயர் இருக்கிறது, அதைத் தமிழில் படிக்க ஆள் இல்லை. மாரியம்மன் மட்டும் உயிரோடு இருக்கிறாள். தேர் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. ஆனால் விளக்கைத் தினமும் ஏற்றுகிறார்கள். தமிழுக்கும் அந்த விளக்குத்தான் வேண்டும். தினம் அரைமணி நேரம் நீயோ உன் மனைவியோ அவளோடு உட்காருங்கள். வாரம் ஒரு கடிதம் அவள் கையாலேயே ஆச்சிக்கு எழுதட்டும். எழுதுவதற்கு ஒருவர் காத்திருந்தால்தான் எழுத்து நிற்கும்."

"நீங்கள் அனுப்பவேண்டாம் என்கிறீர்களா, ஸார்?"

"ஆமாம். ஆனால் அந்த அரைமணியை நீ விட்டுவிட்டால் என் யோசனை வெறும் பேச்சு. அப்போது ஆச்சி சொன்னதே சரியாகிவிடும்."

கதவுக்குப் பின்னால் நின்ற தாயார் அன்றைக்கு முதன்முறையாக வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

ஊர் திரும்பியதும் நானே ஆச்சியின் வீட்டுக்குச் சென்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். "நீங்க படிச்சவுக, பிள்ளைக்கு நல்லதைத்தான் சொல்லியிருப்பீக. இந்த வீட்டிலே ஒரு சின்னக்கால் நடமாடும்னு நினைச்சேன்" என்று மட்டும் சொல்லி, காபி கொடுத்தார். அந்தக் காபி தொண்டையில் இறங்கச் சற்று நேரம் ஆயிற்று. தமிழைக் காப்பாற்றும் யோசனையில் ஒரு கிழவியின் தனிமைக்கு நான் விடை சொல்லவில்லை. அதற்கு விடை என்னிடம் இல்லை. பிள்ளைகள் கடல் கடந்த எந்த ஊரிலும், வைத்தி படையாட்சியின் காலம் தொட்டு, திண்ணையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார். கோயில் கட்டியவர்களின் பெயர் பலகையில் ஏறுகிறது. அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களின் பெயர் எந்தச் சந்துக்கும் இடப்படுவதில்லை.

கார்த்திகை மாதத்தில் விமானத் தபாலில் முதற்கடிதம் வந்தது. ஆச்சிக்குக் கண் மங்கல். படித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டனுப்பினார். மூன்றே வரி. "ஆச்சிக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். என் கை எழுத்து எப்படி?" என்று எழுதியிருந்தது. வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுவே சிறு கலகம் இருந்தாலும், "கை" மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

ஆச்சி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பதில் எழுதுங்க, வாத்தியாரையா. அடுத்த தடவை மூணு வரி போதாது, ஒரு பக்கம் எழுதணும்னு ஆச்சி சொன்னாள்னு எழுதுங்க" என்றார்.